கேமில் வரும் பூதத்துக்குப் பூர்வீகம் கண்டுபிடிப்பது எப்படி

பல வருடங்களுக்கு முன்னால் பால்டர்ஸ் கேட் 2 என்ற கம்ப்யூட்டர் கேமை ஆடிக்கொண்டிருந்தபோது புலித்தலையோடு ஒருத்தன் எதிரே வந்து நின்றான், பெயரைப் பார்த்தால் ராக்‌ஷஸா. ராவணனுக்குப் பத்துத் தலை, சரி, அதில் எது புலித்தலை? அன்றைக்கு ஆரம்பித்த வேலை இது, இன்னும் விடவில்லை. ஃபேன்டசி கேமில் எந்த ஜந்துவைப் பார்த்தாலும் இது எந்தக் கதையிலிருந்து கிளம்பி வந்தது என்று நோண்டாமல் இருக்க முடிவதில்லை. அதை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து நாலே விஷயம் எழுதுங்கள்: பெயர், தோற்றம், என்ன செய்யும், எதனால் சாகும். நாலையும் தனித்தனியாகத் தேடவேண்டும். மொத்தமாகத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் பெயர் ஒரு ஊரிலிருந்தும் உடம்பு இன்னொரு ஊரிலிருந்தும் வந்திருக்கும். எதனால் சாகும் என்பதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. என் அனுபவத்தில் நல்ல துப்பு அதில்தான் கிடைக்கிறது.

அப்புறம் அந்த ஜந்து முதன்முதலில் எந்த கேமில் வந்தது என்று பாருங்கள். முக்கால்வாசி வழிகள் கடைசியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் போய் முட்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட விளையாட்டு, கம்ப்யூட்டர் கிடையாது, காகிதமும் பென்சிலும் பகடையும்தான். 1977இல் அதற்கென்று மான்ஸ்டர் மானுவல் என்று ஒரு தனிப் புத்தகம் வந்தது. 1979இல் வந்த இன்னொரு புத்தகத்தின் பின்னிணைப்பில் தன்னைப் பாதித்த எழுத்தாளர்களின் பட்டியலை கைகாக்ஸே கொடுத்துவிட்டார். திருடிய வீட்டுக்காரர்களின் முகவரியைத் திருடனே எழுதிக்கொடுத்த மாதிரி! அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

என் புலித்தலைக்காரனுக்கு வருவோம். 1977 புத்தகத்தில் அவனை ஒரே அடியில் கொல்ல ஒரு வழி சொல்லியிருக்கும்: மந்திரித்த குறுக்குவில் அம்பு. ராமாயணத்தில் வில்லுக்குப் பஞ்சமில்லை, ஆனால் குறுக்குவில் எங்கே வந்தது? 1974-75இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோல்சாக் என்று ஒரு திகில் தொடர் ஓடியது. அதில் ஒரு பகுதியில் ராக்‌ஷஸா வருகிறான், பார்ப்பவர் யாரை நம்புகிறாரோ அவர் உருவத்தில் நெருங்கி வருகிறான், மந்திரித்த குறுக்குவில் அம்பால்தான் அவனைச் சாய்க்க முடியும். கேமில் இருப்பது அப்படியே இதுதான். புலித்தலை தனிக்கதை, 1977 புத்தகத்தின் படத்தில் அவன் புலித்தலையும் கோட்டும் புகைக்கும் பைப்புமாக ஜமீன்தார் கணக்காக இருப்பான், அந்தப் படம் ஒட்டிக்கொண்டு இன்றுவரை புலிதான். நம் கதையிலிருந்து உருப்படியாகத் தப்பிப் போனது உருமாற்றம் மட்டும். பொன்மானாக வந்த மாரீசனும், கம்பனில் பஞ்சியொளிர் என்று நடை பயின்று வந்த சூர்ப்பணகையும் அந்த வித்தைக்குப் பெரியவர்கள்.

இந்த ஒன்றிலேயே முறை பிடிபட்டிருக்கும். இப்போது டிரோலை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வே நாட்டுப்புறக் கதைகளில் டிரோல் மலையில் வாழும் முரட்டு ஜந்து, பல கதைகளில் வெயில் பட்டால் கல்லாகிவிடும். கேமில் வருவதோ பச்சைத் தோல், நீள மூக்கு, வெட்டிய கை தானே ஊர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும், நெருப்பு வைத்தால்தான் ஒழியும். நார்வே கதைகளில் எத்தனை நாள் தேடினாலும் இது கிடைக்காது. 1979 பட்டியலைத் திறந்தால் பால் ஆண்டர்சன் பெயர் இருக்கும், அவருடைய த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ் நாவலில் இதே பச்சை டிரோல், இதே ஊர்ந்து வரும் கை, இதே நெருப்பு.

ஒரு எச்சரிக்கை. எல்ஃப், ஓர்க், குள்ளர் என்று வந்தாலே எல்லாம் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். டோல்கீன் நடுவில் வரும் பெரிய ஸ்டேஷன், அங்கேயே இறங்கிவிடாதீர்கள். பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபில் 112ஆம் வரியில், பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் வழிவந்த தீயவை என்று ராட்சதர்களோடும் எல்ஃப்களோடும் சேர்த்து ஓர்க்னேயாஸ் என்று ஒரு சொல் வருகிறது. அதற்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒற்றைச் சொல் இருக்கும் திசையிலிருந்து டோல்கீன் ஒரு படையையே கிளப்பிவிட்டார். அவருடைய குள்ளர்கள் பலரின் பெயர்களும், ஏன், மந்திரவாதி காண்டால்ஃபின் பெயரும்கூட, பழைய நார்ஸ் கவிதையான வோலுஸ்பாவில் வரும் குள்ளர் பட்டியலில் இருக்கின்றன. அவருக்குப் பிறகும் கதை நிற்கவில்லை. ஓர்க்குக்குப் பச்சைத் தோல் பரவலானது 1980களில் வார்ஹாமர் என்ற மேஜை விளையாட்டு வழியாக. 1977 புத்தகத்தின் படத்தில் ஓர்க்குக்குப் பன்றி மூஞ்சி, அது ஜப்பானுக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது.

பெயர் மட்டும் புரியாமல் விசித்திரமாக இருந்தால் வக்கீலைச் சந்தேகப்படுங்கள். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த பெட்டியில் டோல்கீனின் ஹாபிட், என்ட், பால்ராக் என்றே அச்சடித்திருந்தார்கள். டோல்கீன் படைப்புகளின் வணிக உரிமை வைத்திருந்தவர்கள் சண்டைக்கு வந்ததும் ஹாஃப்லிங், ட்ரீயன்ட், பேலார் என்று மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால் ஹாஃப்லிங்கும் டோல்கீன் பயன்படுத்திய சொல்தான்.

இன்னொன்று, கேமுக்கு அடித்துத் தீர்க்கக் கூட்டம் வேண்டும். அதனால் ஒற்றை ஆளை ஒரு இனமாக்கிவிடுவார்கள். கிரேக்கக் கதையில் மினோட்டார் ஒருவன், மெடூசா ஒருத்தி, கேமில் அறைக்கு நாலு பேர். கிரேக்கக் கதையில் மெடூசா கோர்கன் என்ற வகையைச் சேர்ந்தவள். மெடூசாவையே இனமாக்கியதும் கோர்கன் என்ற பெயர் சும்மா கிடந்ததா, அதைத் தூக்கி இரும்புச் செதில் மூடிய ஒரு காளைக்கு வைத்துவிட்டார்கள். மூச்சு விட்டாலே எதிராளி கல்லாகிவிடுவான். இதை கிரேக்கத்தில் தேடாதீர்கள், எட்வர்ட் டாப்செல் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1607இல் எழுதிய விலங்கு நூலைப் பாருங்கள், மூச்சிலேயே விஷம் கக்கும் செதில் மூடிய நாலுகால் கோர்கன் அதில் இருக்கிறது.

பழகிப் பார்க்க இரண்டு பெயர் தருகிறேன். பஹாமுத்: கேம்களில் டிராகன், ஆனால் அரபுக் கதைகளில் உலகத்தைத் தாங்கும் பெரிய மீன். கோபால்ட்: ஜெர்மன் நாட்டுப்புறத்தில் வீட்டிலும் சுரங்கத்திலும் குறும்பு செய்யும் குட்டி ஆவி (கோபால்ட் உலோகத்தின் பெயரே அதிலிருந்து வந்தது), ஜப்பானிய கேம்களில் நாய் முகம், அமெரிக்காவில் 2000க்குப் பிறகு குட்டி டிராகன். நடுவில் என்ன ஆனது என்று நீங்களே தேடுங்கள், 1977 படத்திலிருந்து ஆரம்பித்தால் சீக்கிரம் கிடைக்கும்.

எவ்வளவு தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் தப்பு இல்லை. இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டருக்காக மூன்று நாள் பழைய விலங்கு நூல்களைப் புரட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் அது மலிவுக் கடையில் பையில் போட்டு விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மை. கைகாக்ஸ் மேஜையில் வைத்து ஆடுவதற்காக வாங்கியது. ஆந்தைத்தலைக் கரடியும் அதே கடைச் சரக்குதான். ரஸ்ட் மான்ஸ்டரின் வால் நுனியில் மின்விசிறி இறக்கை மாதிரி ஒன்று இருக்குமே, அதற்கு நானும் என்னென்னவோ அர்த்தம் யோசித்து வைத்திருந்தேன், அந்தப் பொம்மையில் அப்படித்தான் இருந்தது.