ஆடிஷனுக்கு இரண்டு தனிமொழிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடகப் பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்புகள் வெளியாகும் பருவத்தில், நாடகத்தில் ஒரு பாத்திரம் மட்டும் நீளமாகப் பேசும் பகுதியான தனிமொழியைத் தேடி வரும் மாணவர்களோடு உட்கார்ந்து பிரதிகளைப் புரட்டுவது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதியாக இருந்து வருகிறது. டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிப்பவர்கள், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையிலோ திருச்சூர் நாடகப் பள்ளியிலோ சேர விரும்புபவர்கள், அரிதாக லண்டனை நோக்கிச் செல்பவர்கள் எனப் பலவகையினர் வருகிறார்கள். லண்டன் பள்ளிகள் பலவும் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகத்திலிருந்து ஒன்றும் தற்கால நாடகத்திலிருந்து ஒன்றும் கேட்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். பட்டியலைத் தாமே கொடுத்துவிடும் நிறுவனங்களும் உண்டு. எங்கே போனாலும், ஒன்றுக்கொன்று மாறுபட்ட துண்டுகளைத் தயாரித்து வர வேண்டும் என்ற நிபந்தனை ஏதோ ஒரு வடிவில் பெரும்பாலும் எதிர்ப்படும்.

இம்மாணவர்கள் செய்யும் பிழைகளில் பலவற்றை நாங்களும் எங்கள் காலத்தில் செய்தோம். எடுத்துச் சொல்ல ஆளில்லாததால் செய்தோம். வசனத்தை மனப்பாடம் செய்யாமல் வருவது, அறிவிப்பைப் படிக்காமல் வருவது போன்றவற்றை எவரும் சொல்லாமலே அறிவார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

முழு நாடகத்தையும் படிக்காமல் துண்டை மட்டும் எடுத்துக்கொள்வது

விஜய் டெண்டுல்கர் மராத்தியில் எழுதி, 1967-இல் முதலில் மேடையேறிய 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' (அமைதி! நீதிமன்றம் நடக்கிறது) நாடகத்தின் இறுதியில் வரும் லீலா பேணாரேயின் நீண்ட பேச்சு, மாணவிகள் மிக அதிகமாகத் தேர்ந்தெடுக்கும் துண்டுகளில் ஒன்று. எங்கிருந்தோ அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்து வருபவர்கள், அந்தப் பேச்சை, அவளைச் சுற்றியிருக்கும் ஆண்களை நோக்கி வீசப்படும் குற்றச்சாட்டாகவே பேசுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விரல் நீள்கிறது. நாடகத்தை முழுமையாகப் படித்தவர்களுக்கு அங்கே நடப்பது வேறு என்று தெரியும். விளையாட்டாகத் தொடங்கிய பொய் விசாரணை அவளுடைய சொந்த வாழ்க்கையைக் கிழித்துப் போட்ட பிறகு, பேசுவதற்கு அவளுக்குக் கொடுக்கப்படும் நேரம் பத்து வினாடி. அவள் பேசத் தொடங்கும்போது மற்றவர்கள் அனைவரும் அப்படியே உறைந்துபோகிறார்கள். அவள் சொல்வது மேடையில் எவர் காதிலும் விழுவதில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் ஒருத்தி பேசுவதற்கும், எதிரே நிற்பவர்களைச் சுட்டிப் பேசுவதற்கும் மூச்சே வேறு. இதை அறியாமல் தயாரித்தால் எத்தனை வாரம் ஒத்திகை பார்த்தாலும் அடித்தளம் தவறாகவே இருக்கும்.

பேசுபவர் யாரிடம் பேசுகிறார், அதற்கு முந்தைய நொடியில் அவருக்கு என்ன நடந்தது, பேசி முடித்ததும் என்ன நடக்கப்போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் நாடகத்துக்குள்ளிருந்தே பதில் சொல்ல முடியாதவரை அந்தத் துண்டு உங்களுடையதாகாது.

சினிமா வசனம்

எடுக்காதீர்கள். 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியை நீங்கள் பேசினால், அறையில் இருப்பவர்களுக்குச் சிவாஜி கணேசனின் குரல்தான் கேட்கும்.

வேறுபாட்டை உணர்ச்சியில் தேடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இது. மற்றவற்றை ஒரு வாரத்தில் திருத்திவிடலாம். இதைச் செய்தவர்கள் துண்டையே மாற்ற வேண்டியிருக்கும், அதற்குள் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மாறுபட்ட இரண்டு துண்டுகள் என்றதும் மாணவர்கள் ஒன்றைச் சோகமாகவும் மற்றொன்றை நகைச்சுவையாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அல்லது ஒன்று பழையது, மற்றொன்று புதியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது வகையில் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்' நாடகத்தில், சிற்றன்னையைக் கல்லால் அடித்துக் கொல்லும்படி ஆணையிட்ட பிறகு சுல்தான் மண்டியிட்டு இறைவனைக் கூவி அழைக்கும் பத்தாம் காட்சியின் பகுதி ஒன்று. இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' நாடகத்தில், கறுப்புப் பளிங்கில் இன்னொரு தாஜ் மகாலைக் கனவு காணும் ஷாஜகானின் பேச்சு மற்றொன்று. ஒன்று கன்னடத்திலிருந்து வந்தது, மற்றொன்று தமிழிலேயே எழுதப்பட்டது. ஒருவர் பதினான்காம் நூற்றாண்டின் சுல்தான், மற்றவர் பதினேழாம் நூற்றாண்டின் முகலாயப் பேரரசர். ஒருவர் அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர், மற்றவர் அதை இழப்பவர் என்று அவர் வரிசையாக எடுத்துச் சொன்னார். தாளில் எல்லாமே மாறுபட்டிருந்தது. அவர் நடித்துக் காட்டியபோது இரண்டுமே தாழ்ந்த குரலில் தொடங்கின, படிப்படியாக ஏறின, முக்கால்வாசியில் குரல் உடைந்தது, முழங்கால் தரையைத் தொட்டது, கண்ணீரில் முடிந்தன. எவருமில்லாத இடத்தில் தன் விதியை எண்ணி வருந்தும் ஓர் அரசனை நாங்கள் இரண்டு முறை பார்த்தோம்.

இதன் விலையைப் பலர் உணர்வதில்லை. தேர்வுக் குழுவுக்கு உங்களை அறிந்துகொள்ளக் கிடைப்பது சில நிமிடங்கள் மட்டுமே. முதல் துண்டு காட்ட முடியாத ஏதோ ஒன்றைக் காட்டுவதற்காகவே இரண்டாவது கேட்கப்படுகிறது. இரண்டும் ஒரே வரைகோட்டில் ஏறி இறங்கினால், இரண்டாவதன் முதல் நான்கு வாக்கியங்களுக்குள் குழுவிலிருப்பவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அப்படிப் பேனாக்கள் கீழே போவதை நான் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்; அதற்குப் பிறகு அம்மாணவர் எவ்வளவு உண்மையாக அழுதாலும் அவருடைய மதிப்பெண் மாறியதில்லை. திறமை குறைந்தவர்களுக்கு இது நேர்ந்திருந்தால் நான் இவ்வளவு வருந்த மாட்டேன். உணர்ச்சியைத் தடையின்றி வரவழைக்கத் தெரிந்தவர்களே இந்தக் குழியில் விழுகிறார்கள், ஏனெனில் தங்களுக்கு எளிதில் வருவதையே அவர்கள் இரு முறையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வேறுபாட்டைத் தேட வேண்டிய இடம், பேசுபவர் பேச்சைக் கொண்டு என்ன செய்கிறார் என்பது. பழங்கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ஆன்டிகனி, அரசன் கிரேயோனின் முன்னால் நின்று, மனிதன் இட்ட ஆணையைவிட எழுதப்படாத தெய்வச் சட்டம் பெரியது என்று சொல்லும்போது, அவள் முடிவை எப்போதோ எடுத்துவிட்டாள். பேசப் பேச அவளுக்குப் புதிதாக எதுவும் தெரிய வருவதில்லை. இந்தப் பகுதியை வைத்துக்கொண்டு, இரண்டாவதாகக் கணவனைக் குற்றஞ்சாட்டும் தற்காலப் பெண்ணொருத்தியின் பேச்சை எடுத்திருந்த மாணவியிடம், அதை விட்டுவிட்டு ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' இரண்டாம் அங்கத்தில் வயோலா மோதிரத்தோடு தனித்து நிற்கும் பகுதியைப் படிக்கச் சொன்னேன். வயோலா எந்த மோதிரத்தையும் எவரிடமும் விட்டு வரவில்லை. பின் எதற்காக இது தன்னிடம் திருப்பித் தரப்படுகிறது என்று ஒவ்வொரு படியாக யோசித்து, ஆண் வேடத்திலிருக்கும் தன்மீது சீமாட்டி ஒலிவியா காதல் கொண்டுவிட்டாள் என்பதைப் பார்வையாளர் கண்முன்னாலேயே அவள் கண்டுபிடிக்கிறாள். கடைசியில் இந்தச் சிக்கலைத் தன்னால் அவிழ்க்க முடியாது, காலம்தான் அவிழ்க்க வேண்டும் என்று விட்டுவிடுகிறாள். முடிவெடுத்துவிட்டவள் ஒருத்தி, யோசித்துக்கொண்டிருப்பவள் மற்றொருத்தி. நேருக்கு நேர் நிற்கும் அதிகாரியிடம் பேசுபவள் ஒருத்தி, பார்வையாளரைத் துணைக்கு அழைத்துக்கொள்பவள் மற்றொருத்தி. நடிகையின் கண்கள், நடை, வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஆகிய அனைத்தும் தாமாகவே மாறிவிடுகின்றன. அந்த மாற்றத்துக்காக அவள் சிரிக்கவோ அழவோ தேவையில்லை.

அந்த இளைஞரிடம் துக்ளக்கை விடும்படி நான் சொல்லவில்லை. அதே நாடகத்தின் எட்டாம் காட்சியில், தௌலதாபாத் கோட்டையில் ஓர் இரவில், பத்தொன்பது வயதுக் காவலன் ஒருவனிடம் சுல்தான் தன் இளமையைப் பற்றிப் பேசுகிறார். ஆணையிட்டால் தலை உருளும் நிலையிலுள்ள ஒருவர், தன் பேச்சைக் கேட்க ஒரு சிறுவனாவது வேண்டும் என்று நிற்கும் காட்சி அது. ஓரிடத்திலும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. மண்டியிடும் பகுதியைவிட அது கடினமானது என்பதால் மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதற்கு இணையாக, ஷேக்ஸ்பியரின் 'வெரோனாவின் இரு கனவான்கள்' நாடகத்தின் வேலைக்காரன் லான்ஸைப் பரிந்துரைத்தேன். வீடே அழுது தன்னை வழியனுப்பியபோது தன் நாய் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவன் முறையிடுகிறான். காலணிகளைக் கழற்றி, இது அப்பா, இது அம்மா என்று வைத்துக் காட்டி, இடையில் எது எவர் என்று குழம்பிப் போகிறான். கைகளுக்கு ஓயாத வேலை, உரைநடை, பார்வையாளரை நீதிபதியாக்கும் பேச்சு. இது சிரிப்பை வரவழைப்பது உண்மைதான். ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுவல்ல.

உங்கள் துண்டுகள் உண்மையிலேயே மாறுபட்டவையா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. இரண்டையும் கைபேசியில் பதிவு செய்து, பக்கத்து அறையில் ஓடவிட்டு, சொற்கள் புரியாத அளவுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். எது எந்தத் துண்டு என்று ஓசையை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை என்றால், உங்களிடம் இருப்பது ஒரே துண்டு.

வயது

இருபது வயதில் ஷேக்ஸ்பியரின் முதிய அரசன் லியர் வேண்டாம்.

செய்யுளை ஒப்பிப்பது

தமிழில் செவ்வியல் துண்டு தேடுபவர்கள் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீய'த்துக்கு வருவது இயல்பு. 1891-இல் வெளியான அந்தச் செய்யுள் நாடகம் படிப்பதற்கென்றே எழுதப்பட்டது என்று சொல்லி அதை ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலன் தன் திட்டத்தைத் தனக்குள் கணக்கிடும் இடங்கள் நடிகருக்கு நல்ல தீனி. ஆனால் மாணவர்கள் ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரலை இறக்கி, பள்ளிப் பேச்சுப் போட்டியின் ஓசையில் அதைச் சொல்லிவிடுகிறார்கள். ஆசிரியப்பாவில் கருத்து அடியோடு முடிவதில்லை; அடுத்த அடிக்குத் தாவி, அதன் நடுவில் நிற்கும். முதலில் அடிப் பிரிப்பை நீக்கி, வாக்கியம் வாக்கியமாக உரைநடை போல எழுதிப் பேசிப் பாருங்கள். அவன் எந்தச் சொல்லில் தன் அடுத்த எண்ணத்தைக் கண்டுகொள்கிறான் என்பது தெளிந்த பிறகு அடிகளுக்குத் திரும்புங்கள். அப்போது எதுகையும் மோனையும் நீங்கள் அழுத்தாமலே கேட்கும். ஷேக்ஸ்பியரை ஆங்கிலத்தில் செய்பவர்களுக்கும் இதே பயிற்சி பொருந்தும்.

வெட்டத் தயங்குவது

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886-இல் முதலில் எழுதி, பின்னர் பலமுறை திருத்திய 'புகையிலையின் தீமைகள் பற்றி' ஒருவர் மட்டுமே பேசும் நாடகம். மனைவியின் கட்டளைப்படி சொற்பொழிவாற்ற வந்த நியூகின், தலைப்பை விட்டு விலகி விலகித் தன் இல்லறத் துயரத்துக்குள் போய்விடுகிறார். முழுவதும் தனிமொழியாகவே இருப்பதால் மாணவர்கள் தொடக்கத்திலிருந்து எடுத்து, நேரம் முடியும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சொற்பொழிவின் முன்னுரை மட்டுமே குழுவுக்குக் கிடைக்கிறது. அவர் பேச்சு வழிதவறும் ஓரிடத்தை நடுவில் வைத்து, அதற்கு முன் சில வாக்கியங்களும் பின் சில வாக்கியங்களும் இருக்கும்படி வெட்ட வேண்டும். இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால் ஒன்றரை நிமிடத்துக்குத் தயாரியுங்கள். வேகமாகப் பேசி நேரத்துக்குள் அடைப்பவர்கள், யோசிக்கும் நொடிகளையே முதலில் இழக்கிறார்கள்.

பொருட்களும் உடையும்

ஒரு நாற்காலி போதும். லான்ஸுக்கு உங்கள் சொந்தக் காலணிகள் போதும்.

ஒரே விதத்தில் இறுகிப்போவது

நடித்து முடித்ததும் குழுவிலிருந்து ஒருவர், இதையே தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தை எழுந்துவிடாதபடி பேசுங்கள் என்று கேட்கலாம். அந்தக் கோரிக்கை உங்கள் முதல் முயற்சி மோசம் என்று சொல்வதற்காக வருவதில்லை. உங்களைப் பயிற்றுவிக்க முடியுமா என்று அறியவே அப்படிக் கேட்கிறார்கள். ஏற்ற இறக்கங்களைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தவர்கள் அப்போது குரலை மட்டும் தாழ்த்தி, முன்பு செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். ஒத்திகையிலேயே நண்பர் ஒருவரை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு புதிய நிலையைக் கொடுங்கள்: ஒரு முறை அவர் எழுந்து போக முயலட்டும், ஒரு முறை உங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும், ஒரு முறை அழட்டும். நீங்கள் பேசுவது அவரிடம் ஒரு காரியத்தைச் சாதிப்பதற்காக என்பது அப்போதுதான் உடலில் பதியும். ஆடிஷன் அறையில் அந்த நண்பர் இருக்க மாட்டார்; அவர் உட்கார்ந்திருந்த இடத்தைக் குழுவினரின் தலைக்குச் சற்று மேலே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கண்களைப் பிடித்து அவரை உங்கள் கிரேயோனாக ஆக்கினால், அவரால் எழுதவும் முடியாது, நடிக்கவும் முடியாது.

இரண்டுக்கும் நடுவில்

முதல் துண்டு முடிந்ததும் மூச்சு வாங்காமல் அடுத்ததற்குத் தாவுவது பதற்றத்தால் வருவது. ஒரு முழு மூச்சு எடுத்து, இரண்டாவது நபர் நிற்கும் இடத்தைக் கண்ணால் தேடிக் கண்டுகொண்ட பிறகு தொடங்குங்கள்; அந்த அமைதியை எந்தக் குழுவும் பொறுத்துக்கொள்ளும். எதை முதலில் செய்வது என்பதை உங்களிடமே விட்டுவிட்டால், குரலை உயர்த்த வேண்டாத துண்டை முன்னால் வையுங்கள். அறைக்குள் நுழைந்த புதிதில் மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நிற்கும். அந்த மூச்சில் உரத்துப் பேசினால் குரல் கீறும். ஒன்று போதும் என்று குழு பாதியில் சொல்லிவிடுவதும் உண்டு. ஆகவே அந்த மெல்லிய துண்டை, அது ஒன்றை மட்டுமே பார்த்து உங்களை மதிப்பிடப்போகிறார்கள் என்று எண்ணித் தயாரித்துக்கொள்ளுங்கள்.