ஜெர்மனி கிறிஸ்துமஸ் சந்தையில் வாங்கியதை உடையாமல் ஊர் சேர்ப்பது எப்படி?

நவம்பர் கடைசியில் ஜெர்மனியின் ஊர்ச் சதுக்கங்களில் மரக்கடைகள் முளைத்துவிடும். டிரெஸ்டன் நகரின் ஸ்ட்ரீட்செல்மார்க்ட் சந்தை 1434-ல் தொடங்கியது. நியூரம்பெர்க் சந்தை முதல் அட்வெந்து ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தின வெள்ளிக்கிழமை திறந்து டிசம்பர் 24 வரை நடக்கும். இந்தச் சந்தைகளில் மனதைப் பறிப்பவை எவை என்று பாருங்கள்: வாயால் ஊதிச் செய்த கண்ணாடி உருண்டை, சீவல் போன்ற மர இறக்கைகள் சுழலும் பிரமிடு, பீங்கான் குவளை, மாச்சர்க்கரை போர்த்திய ஸ்டோலன் ரொட்டி. விமானச் சரக்கறையில் பெட்டியோடு உருண்டு வருவதற்கு இவற்றைவிடப் பொருந்தாத பொருள்களைத் தேடிப் பிடிப்பது கடினம்.

ஆனாலும் இவை அத்தனையும் முழுசாக ஊர் வந்து சேரும். ஒவ்வொரு பொருளும் உடைவதற்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறது. கண்ணாடி உருண்டைக்குக் கழுத்து, குவளைக்குக் கைப்பிடி, பிரமிடுக்கு இறக்கை. அந்த இடத்தைக் காப்பாற்றினால் மற்றது தானே பிழைக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி துண்டில் சுற்றிப் பெட்டியில் திணிப்பதால்தான் பாதி உடைகிறது.

படி 1: கிளம்பும்போதே இடம் விட்டுக் கிளம்புங்கள்

உங்கள் டிக்கெட்டில் 23 கிலோ எடையில் ஒரு பெட்டிதான் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். வெறும் பெட்டியே சுமார் 4 கிலோ இருக்கும். போகும்போது பெட்டியோடு சேர்த்து 14 கிலோவைத் தாண்டாதீர்கள். மிச்சம் 9 கிலோ சந்தைக்கு. அதில் என்ன அடங்கும்? 1 கிலோ ஸ்டோலன் இரண்டு, அட்டையோடு 2.3 கிலோ. லெப்கூகன் என்ற மசாலா ரொட்டி அரைக் கிலோ டப்பா இரண்டு, 1.2 கிலோ. குவளை நான்கு, சுமார் 1.4 கிலோ. சிறிய மரப் பிரமிடு ஒன்று, 1 கிலோ. மரப்பொம்மை ஒன்றும் டஜன் கண்ணாடி உருண்டைகளும் டப்பாவோடு 1 கிலோவைச் சற்றுத் தாண்டும். சுற்றும் பொருள்களுக்கு 1 கிலோ. மொத்தம் 8 கிலோவுக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் எடைக்கு முன்னால் இடம்தான் தீரும். கண்ணாடி உருண்டைக்குக் கனமே இல்லை, ஆனால் நிறைய இடம் அடைக்கும்.

கனமான கோட்டையும் பூட்ஸையும் இரு பயணத்திலும் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், தெர்மல், கம்பளிச் சாக்ஸ் ஆகியவற்றைக் குறைக்கவே வேண்டாம். திரும்பும்போது மெத்தையாக வேலை செய்யப்போவது அவைதான்.

இனி, டப்பாக்கள். ஜெர்மனியில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் முறுக்கும் பொடியும் எடுத்துப் போகும் கனமான பிளாஸ்டிக் டப்பா, எவர்சில்வர் தூக்கு எல்லாம் திரும்பும்போது காலியாகத்தானே வரும்? அவற்றை அங்கேயே விட்டுவிடாதீர்கள். கண்ணாடி உருண்டைக்கு அவற்றைவிட நல்ல கவசம் கிடையாது. (பாலோ நெய்யோ சேர்த்த இனிப்பும் கறிவேப்பிலையும் அந்த டப்பாக்களில் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இவற்றைக் கொண்டுபோகத் தடை உண்டு.)

கூடவே எடுத்துக்கொள்ள வேண்டியவை: பபிள் ராப் 3 மீட்டர், பெரிய ஜிப்லாக் பை 10, அகல டேப் ஒன்று, கத்தரிக்கோல், பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கைத்தராசு, மடித்து வைக்கும் துணிப்பை ஒன்று. முட்டை அட்டையை அங்கேயே எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் முட்டையோடு வாங்கிக்கொள்ளலாம்.

படி 2: கடை முன்னால் நிற்கும்போது

கடைக்காரர் சுற்றித்தரும் மெல்லிய காகிதம் அறை வரை போய்ச்சேரத்தான். அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெர்மன் மொழியில் 'கார்டோன்' என்றால் புரியும். எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியின் ஸைஃபன் ஊர் மரப்பொம்மைகள் பெரும்பாலும் அளவெடுத்த பெட்டியோடுதான் வரும். அந்தப் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதுதான் முதல் தவறு.

க்ளூவைன் என்ற சூடான மசாலா ஒயின் குடிக்கும் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள். அதற்குப் பெயர் 'ப்ஃபான்ட்'. குவளையைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் போகும், குவளை உங்களுடையது. ஊர்ப்பெயரும் பல சமயம் ஆண்டும் அச்சிட்டிருப்பதால் நல்ல நினைவுப்பொருள். அறைக்கு வந்ததும் கழுவி முழுதாகக் காயவிடுங்கள். அடியில் ஒட்டிய சர்க்கரையும் ஒயின் வாடையும் ஸ்வெட்டருக்குப் போய்விடும்.

டிரெஸ்டன் பக்கம் போனால் புல்ஸ்னிட்ஸ் ஊரின் 'ஃபெஃபர்கூகன்' தேடி வாங்குங்கள். பெயருக்கு 'மிளகு ரொட்டி' என்று பொருள். பழைய நாளில் கப்பலில் வந்த வாசனைச் சரக்கு எல்லாவற்றுக்கும் அங்கே மிளகு என்றே பெயர். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்கு பிறந்த ஊர் அதுதான். நம் ஊருக்குக் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான ரொட்டி எது? கெட்டியான பண்டம், டப்பாவில் நெருக்கமாக அடுக்கினால் ஒன்றும் ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே பில்லில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரித்தொகையைத் திரும்பப் பெற வழி உண்டு. சந்தைக்கடைகளில் இது அரிது, பெரிய கடைகளில் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கவேண்டும். பொருளைப் பயன்படுத்தாமல், விமான நிலையச் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கவேண்டும். அதனால் அந்தப் பொருளைப் பெட்டியின் மேலடுக்கில் வையுங்கள்; சுங்கத்தார் பார்க்குமுன் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

படி 3: ஒவ்வொன்றாகச் சுற்றுவது

*கண்ணாடி உருண்டை.* தூரிங்கியாவின் லௌஷா ஊர்ப்பாணியில் ஊதிய உருண்டையின் சுவர் மிக மெல்லியது. ஆனால் உருண்டை வடிவம் எல்லாப் பக்க அழுத்தத்தையும் பகிர்ந்துகொள்ளும். உடைவது கழுத்தில்தான், உலோகத் தொப்பியைப் பக்கவாட்டில் ஏதாவது நெம்பும்போது. கொக்கியைக் கழற்றித் தனியாக ஒரு சிறு பையில் போடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து உருண்டையின் வண்ணத்தைச் சுரண்டிவிடும். வெள்ளை டிஷ்யூவில் தளர்வாக இரண்டு சுற்று. செய்தித்தாள் கூடவே கூடாது, மை வண்ணப்பூச்சில் ஒட்டும். 4 செ.மீ. வரை உள்ளவை முட்டை அட்டைக் குழியில் உட்காரும். மூடியைப் பலவந்தமாக அழுத்தினால்தான் மூடும் என்றால் அந்த உருண்டை அதற்குப் பெரியது என்று அர்த்தம், டப்பாவுக்கு மாற்றுங்கள். டப்பாவின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சாக்ஸ், அதன்மேல் ஒற்றை அடுக்காக உருண்டைகள், இடைவெளியில் கசக்கிய டிஷ்யூ, மேலே மறுபடி சாக்ஸ். மூடியபின் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் திறந்து இடைவெளியை நிரப்பியே ஆகவேண்டும். நகர்கிற கண்ணாடி உடையும். நகராத கண்ணாடி பிழைக்கும்.

*குவளை.* கைப்பிடி ஓட்டைக்குள் டிஷ்யூவைச் சுருட்டி அடைத்து, குவளை உடம்போடு சேர்த்து டேப் ஒட்டாமல் பபிள் ராப்பால் சுற்றுங்கள். உள்ளே ஒரு ஜோடி சாக்ஸ். இரண்டு குவளைகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகாதீர்கள். ஆப்பு அடித்ததுபோல இறுகி வாய்விளிம்பு பெயர்ந்துவிடும். பெட்டியில் வேறொரு ஜோடி பூட்ஸ் இருந்தால் அதற்குள் ஒரு குவளை அழகாக அடங்கும்.

*மரப் பிரமிடு.* மெழுகுவத்திச் சூட்டில் மேலெழும் காற்றில் சுழலும் இறக்கைகள் மிக மெல்லியவை. முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சுழல்தண்டை வெளியே எடுத்து, இறக்கைகளை அவை செருகியிருக்கும் நடுக்கட்டையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, ஒரே திசையில் அடுக்கி, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். தண்டின் அடியில் கூர்மையான எஃகு முனை இருக்கும். அது சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் நின்றுதான் சுழல்கிறது. முனையில் ஒரு ரப்பர் துண்டைக் குத்தி வையுங்கள். முனை மழுங்கினால் பிரமிடு ஊரில் சுற்றாது.

*புகைவிடும் மரப்பொம்மை.* இடுப்பில் இரண்டாகப் பிரியும். உள்ளே டிஷ்யூ வைத்துச் சேர்த்து, கையிலிருக்கும் குழாயைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். இதற்குரிய வாசனைக் கூம்புகளை இரண்டு ஜிப்லாக் பை போட்டு, தின்பண்டம் இல்லாத பக்கம் வையுங்கள். இதைத் தவறவிட்டால் ஸ்டோலன் சாம்பிராணி ருசியில் இருக்கும்.

*ஷ்விப்போகன் என்ற விளக்கு வளைவு.* பல்புகளைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். ஏழு விளக்குள்ள பழைய வகையில் பல்புகள் தொடராக இணைந்திருக்கும். அதனால் ஒவ்வொன்றும் 34 வோல்ட், 3 வாட். நம் ஊர்க் கடையில் இதைத் தேடி அலைவதைவிட அங்கேயே உதிரி நாலு வாங்கிவிடலாம். மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான்.

*ஸ்டோலன்.* உடைந்தால் ருசி போகாது, ஆனால் நசுங்கினால் சர்க்கரைப் போர்வை உதிர்ந்து ரொட்டி காயத் தொடங்கும். தகர டப்பாவில் விற்பதை வாங்குவதே நல்லது. அட்டையில் இருந்தால் உள்தாளைப் பிரிக்காமல் ஜிப்லாக் பையில் காற்று நீக்கி மூடுங்கள்.

படி 4: பெட்டிக்குள் அடுக்குவது

பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது சக்கரப் பக்கம் கீழே வரும். கனமான ஸ்டோலன், லெப்கூகன் டப்பா எல்லாம் அந்தப் பக்கம். கனத்தை மேல்பக்கம் வைத்தால் பெட்டியை நிமிர்த்தும்போது அது சரிந்து கண்ணாடி மேல் விழும்.

நடுவில் இரண்டாகத் திறக்கும் கெட்டிப் பெட்டி என்றால் ஆழமான பாதியைத் தேர்ந்தெடுங்கள். அடியில் ஜீன்ஸ், அதன்மேல் ஸ்வெட்டர். நடுவில் உடையும் டப்பாக்கள். எந்த டப்பாவும் பெட்டிச் சுவரைத் தொடக்கூடாது. சுற்றிலும் 5 செ.மீ. துணி இருக்கவேண்டும். விழுந்த அடியை முதலில் வாங்குவது சுவர்தான். தொட்டுக்கொண்டிருக்கும் டப்பாவுக்கு அது அப்படியே இறங்கும். மூலைகளில் சுருட்டிய சாக்ஸ். மேலே இன்னொரு ஸ்வெட்டர். மூடிப் பூட்டி ஒருமுறை குப்புறப் புரட்டுங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் துணி போதவில்லை.

படி 5: எது கையில், எது பெட்டியில்

விலை உயர்ந்த கண்ணாடியைக் கைப்பையில் எடுத்துப் போங்கள், அதுவும் தனி டப்பாவாக. விமானம் நிறைந்திருந்தால் வாசலிலேயே கைப்பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது டப்பாவை மட்டும் உருவித் துணிப்பையில் போட்டுக்கொள்ளலாம். தலைக்குமேல் தட்டில் வைக்காமல் முன் இருக்கைக்கு அடியில் வையுங்கள். மேலே வைத்தால் அடுத்தவர் பெட்டி வந்து இடிக்கும்.

குலுக்கினால் உள்ளே பனி பொழிவதுபோல் தெரியும் பனி உருண்டைக்குள் இருப்பது தண்ணீர். 100 மி.லி.க்கு மேல் என்றால் பல விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும், ஆகவே பெட்டிக்குள். தேன், ஜாம், கடுகுப்பசை ஆகியவையும் திரவக் கணக்குத்தான். பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் கட்டாயம் கைப்பையில். விளக்குச் சரத்தின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பெட்டிக்குள் தானாக எரியக்கூடாது. கம்பி மத்தாப்பு சந்தையில் அழகாகத் தொங்கும், வாங்காதீர்கள்: கைப்பை, பெட்டி இரண்டிலுமே தடை. கைப்பையில் ஸ்டோலன் இருந்தால் மேலாக வையுங்கள். எக்ஸ்ரேயில் அடர்ந்த பொருளாகத் தெரியும், திறந்து காட்டச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

இந்தியாவுக்குள் மது ஒருவருக்கு 2 லிட்டர் வரை தீர்வையில்லை. பச்சை ஃபிர் மர இலை வளையம் வேண்டாம். செடி, இலைக்குத் தாவரத் தடுப்புச் சான்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் வசிப்பவர்கள் மரப்பொம்மை, வைக்கோல் நட்சத்திரம், பைன் காய் எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். பில்களை ஒரே உறையில் போட்டுக் கையில் வைத்திருங்கள்.

முந்தின இரவே கைத்தராசில் தூக்கிப் பாருங்கள். 22.5 கிலோவில் நிறுத்துங்கள். தராசுக்குத் தராசு கொஞ்சம் மாறும்.

படி 6: வீடு வந்தபின்

சரக்கறையில் குளிர்ந்த பெட்டியைச் சென்னைக் காற்றில் உடனே திறந்தால், குளிர்ந்த கண்ணாடியிலும் மரத்திலும் நீர் பூக்கும். சர்க்கரை ஈரம் இழுத்துக் கசியும். மூன்று, நான்கு மணி நேரம் மூடியே வைத்துப் பிறகு பிரியுங்கள். டப்பாக்களை மேசைமேல் துண்டு விரித்துத் திறங்கள், டிஷ்யூவைக் கசக்கி எறியுமுன் விரித்துப் பாருங்கள். கொக்கிகளும் பிரமிடின் சின்ன ஆப்புகளும் குப்பைக்குப் போவது இந்த நேரத்தில்தான்.

ஸ்டோலனை ஓரத்திலிருந்து வெட்டாதீர்கள். டிரெஸ்டன்காரர்கள் நடுவில் வெட்டி, வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டு, இரு பாதிகளையும் மறுபடி ஒட்டி வைத்துச் சுற்றிவிடுவார்கள். வெட்டிய முகம் காயாமல் இருக்கும்.