பதிலைச் சொல்லாமல் வழிநடத்துவது எப்படி? புதிய டீம் லீடர்களுக்கு ஒரு கோச்சிங் செய்முறை

முதன்முதலாக ஒரு குழுவுக்கு நான் பொறுப்பேற்றபோது அதில் ஆறு பேர் இருந்தார்கள். யார் எந்தச் சந்தேகத்தோடு வந்தாலும் உடனே பதில் சொல்லிவிடுவேன். அதுதான் நல்ல தலைமை என்று மனதார நம்பினேன். ஒருமுறை பத்து நாள் விடுப்பு முடிந்து திரும்பினால், நான் கிளம்பிய அன்று எங்கே இருந்தனவோ அங்கேயே பல வேலைகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் பாதி, அவர்களே முடிவெடுத்திருக்கக்கூடியவை. ஏன் என்று கேட்டேன். குழுவில் அனுபவம் மிக்கவர் அமைதியாகச் சொன்னார்: “நாங்க என்ன முடிவு பண்ணாலும் நீங்க வந்து மாத்துவீங்க. அதான் காத்திருந்தோம்.”

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. திறமையான ஆறு பேரை என் பதிலுக்காகக் காத்திருப்பவர்களாக நானே பழக்கியிருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது. பதிலைத் தராமல், கேள்வி கேட்டு அவர்களையே யோசிக்கவைக்கும் கோச்சிங் பற்றி அதன்பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, இப்போதுதான் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

இதன் நோக்கம், குழுவினர் காத்திருக்காமல் வேலையில் ஈடுபாட்டோடு இறங்குவது. அதனால் தொடங்கும் முன் அந்தச் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊழியர் ஈடுபாடு என்றதும் பலருக்கு விருந்தும் விளையாட்டுப் போட்டியும் நினைவுக்கு வரும். இந்தக் கருத்தை ஆய்வுலகில் முதலில் விரிவாகப் பேசிய வில்லியம் கான், 1990இல் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார்: செய்யும் வேலைக்குப் பொருள் இருக்கிறது என்ற உணர்வு, மனதில் பட்டதைச் சொன்னால் தீங்கு வராது என்ற நம்பிக்கை, வேலையில் செலுத்த உடலிலும் மனதிலும் மிச்சமிருக்கும் தெம்பு. மூன்றுமே அன்றாடம் ஒருவரின் நேரடி மேலாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைச் சார்ந்தவை. குழுவுக்குக் குழு ஈடுபாட்டில் காணப்படும் வேறுபாட்டில் குறைந்தது 70 சதவீதத்துக்கு மேலாளரே காரணம் என்பது கருத்துக்கணிப்புகள் நடத்தும் கேலப் நிறுவனத்தின் கணிப்பு. ஆகவே நிறுவனம் ஏதாவது செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் கையிலேயே நிறைய இருக்கிறது.

படி 1: ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு சிறிய நோட்டு போதும். உங்களிடம் யார் எதைக் கேட்டு வந்தார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். நீங்களே பதில் சொன்னால் ‘ப’, திருப்பிக் கேள்வி கேட்டால் ‘கே’, வேலையையே வாங்கி நீங்கள் முடித்துக் கொடுத்தால் ‘வா’. வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். என் முதல் நோட்டில் ‘கே’ ஒன்றுகூட இல்லை. அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 2: ஆளை அல்ல, வேலையை வைத்துப் பிரித்துப் பாருங்கள்

கோச்சிங் என்றால் எல்லோரிடமும் எப்போதும் கேள்வி கேட்பது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவரிடம் போய் “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றால் அவருக்கு அது சோதனை. அவருக்குத் தேவை, செய்து காட்டுவது. அதே நேரம், பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒரு புதிய மென்பொருளுக்கு முன்னால் புதியவர்தான். இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் இதைத்தான் வலியுறுத்தினார்: முதிர்ச்சியை ஆளுக்குப் பொதுவாக அளக்காமல், குறிப்பிட்ட வேலையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஒரு தாளில் குழுவினர் பெயர்களையும், ஒவ்வொருவரும் செய்யும் முக்கியமான மூன்று நான்கு வேலைகளையும் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ‘காட்டிக்கொடுக்க வேண்டும்’, ‘கூட இருந்து யோசிக்க வேண்டும்’, ‘விட்டுவிடலாம்’ என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். கீழே சொல்லப்போகும் கேள்வி முறை நடுவில் உள்ள வகைக்குத்தான் மிகவும் பயன்படும். மூன்றாவது வகையில் மூக்கை நுழைக்காமல் இருப்பதே நீங்கள் செய்யும் உதவி.

படி 3: தனிச் சந்திப்புக்கு நேரம் ஒதுக்குங்கள்

ஒவ்வொருவருக்கும் வாரம் அரை மணி நேரம். முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எந்த வேலை எவ்வளவு முடிந்தது என்ற கணக்கு இங்கே வேண்டாம், அதற்கு வேறு மீட்டிங் இருக்கிறது. இது அவருடைய நேரம், பேசுபொருளை அவரே கொண்டுவரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். “இந்த வாரம் எந்த வேலை உங்களை அதிகமா இழுத்துப் பிடிச்சுது?” என்பது நல்ல தொடக்கம். முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் “எல்லாம் நல்லாத்தான் போகுது” என்பதற்கு மேல் எதுவும் வராது. பரவாயில்லை, நம்பிக்கை வர நாளாகும்.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ரத்து செய்யாதீர்கள். நேரத்தை மாற்றலாம். அவசர வேலை வந்ததும் முதலில் தள்ளிவைக்கப்படுவது இந்த அரை மணி நேரம் என்றால், தன் இடம் எது என்பதை அவர் புரிந்துகொள்வார்.

படி 4: கேளுங்கள், பிறகு காத்திருங்கள்

கோச்சிங்கின் இதயம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1980களில் இங்கிலாந்தில் ஜான் விட்மோரும் அவரோடு பணியாற்றியவர்களும் உருவாக்கிய ‘குரோ’ (GROW: Goal, Reality, Options, Will) முறை நான்கு கட்டங்கள் கொண்டது. எங்கே போக வேண்டும், இப்போது எங்கே இருக்கிறோம், என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறீர்கள். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட ஓர் உரையாடலில் பார்ப்பது எளிது. குழுவில் ஒருவர் வருகிறார்:

“வெள்ளிக்கிழமை தர்றதா சொன்ன வேலையை வாடிக்கையாளர் புதன்கிழமையே கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?”

“புதன்கிழமை அவங்க கையில எது இருந்தா போதும்?”

“முழுசா வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன். அன்னைக்கு அவங்க மேலதிகாரிகிட்ட காட்டணுமாம்.”

“இப்ப எவ்வளவு முடிஞ்சிருக்கு?”

“முதல் ரெண்டு பகுதி முடிஞ்சுது. மூணாவதைச் சரிபார்க்கணும்.”

“என்னென்ன வழி இருக்கு?”

“முடிஞ்ச ரெண்டையும் புதன்கிழமை கொடுத்துட்டு, மூணாவதை வெள்ளிக்கிழமை தரலாம்.”

“வேற?”

கொஞ்ச நேரம் அமைதி. “சரிபார்க்க இன்னொருத்தர் கூட இருந்தா மூணையுமே முடிச்சிடலாம்.”

“எதைச் செய்யப் போறீங்க?”

“முதல்ல ரெண்டு பகுதி போதுமான்னு அவங்ககிட்ட கேக்கறேன். இன்னைக்கு நாலு மணிக்குள்ள பேசிடறேன்.”

“என்கிட்ட ஏதாவது வேணுமா?”

“ரெண்டும் போதாதுன்னு சொன்னா மட்டும், ஒருத்தரை அரை நாள் விட்டுக்கொடுங்க.”

முதல் வரியிலேயே அந்த லீடருக்குப் பதில் தெரிந்திருக்கும். சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த முறை இதே சிக்கல் வரும்போது, கேட்டு வந்தவர் மறுபடியும் வாசலில் வந்து நிற்பார். இங்கே ஆனது மூன்று நான்கு நிமிடம்தான், முடிவோ அவருடையது.

இந்த உரையாடலில் மிகச் சிறிய கேள்வி ‘வேற?’ என்பது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். முதலில் வரும் பதில் பெரும்பாலும் கைக்கு எட்டியது, இரண்டாவதுதான் யோசித்து வருவது. ஆனால் அது வரவேண்டுமானால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். 1970களில் அமெரிக்காவில் வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. அலுவலகத்திலும் இதைச் செய்து பாருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் சில முறை அந்த ஐந்து நொடி மிக நீளமாகத் தோன்றும். எதிரில் இருப்பவருக்கு அது யோசிக்கக் கிடைத்த நேரம்.

தொடக்கத்தில் நாம் எல்லோரும் சறுக்கும் இடங்கள் உண்டு. “அவங்ககிட்ட ஒரு தடவை பேசிப் பாக்கலாம்ல?” என்பது கேள்விக்குறி போட்ட கட்டளை. கேட்பவருக்கு அது உடனே புரிந்துவிடும். அதற்குப் பதில், கட்டளையாகவே சொல்லிவிடுவது நேர்மை. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியும் கவனம் தேவைப்படுவது. “ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்றால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார். “எதைப் பாத்து இந்த முடிவுக்கு வந்தீங்க?” என்றால் நடந்ததைச் சொல்வார்.

அவர் தேர்ந்தெடுக்கும் வழி உங்கள் வழியாக இல்லாவிட்டால்? இதுதான் உண்மையான சோதனை. தவறிப்போனால் வரும் சேதம் தாங்கக்கூடியதா என்று மட்டும் பாருங்கள். தாங்கலாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் வழி கொஞ்சம் மேலானது என்பதற்காக மாற்றாதீர்கள். முன்பு நான் செய்ததெல்லாம் அப்படி மாற்றியதுதான். அந்தக் கொஞ்சம் மேன்மைக்கு, ஆறு பேரின் முன்முயற்சியை விலையாகக் கொடுத்தேன்.

படி 5: கண்டதைச் சொல்லுங்கள்

பின்னூட்டம் கொடுத்தாலே நன்மைதான் என்று நம்புகிறோம். 1996இல் ஆய்வாளர்கள் குளூகரும் டெனிசியும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பின்னூட்டம் சராசரியாக வேலையை மேம்படுத்துகிறது என்று கண்டாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் அதற்குப் பிறகு வேலைத்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் போகப்போகப் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். “நீங்க பொறுப்பில்லாம இருக்கீங்க” என்று கேட்டவர் அன்று முழுவதும் தன்னைப் பற்றித்தான் யோசிப்பார், வேலையைப் பற்றி அல்ல.

எளிய வடிவம் ஒன்று உண்டு: எப்போது நடந்தது, என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. “நேத்து மதியம் நடந்த மீட்டிங்ல, அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை குறுக்கே பேசினீங்க. அதுக்கப்புறம் அவங்க வாயே திறக்கலை.” இதில் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொன்னபின் நிறுத்துங்கள். “நீங்க அதை எப்படிப் பாக்கறீங்க?” என்று கேளுங்கள். நீங்கள் பார்க்காத ஏதோ ஒன்று அவரிடம் இருக்கலாம்.

பாராட்டுக்கும் இதே வடிவம்தான். “சூப்பர், நல்லா பண்ணீங்க” என்பது காதுக்கு இனிமை, ஆனால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. “ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலேயே முடிவைச் சொல்லிட்டீங்க, அதனால மீட்டிங் பத்து நிமிஷத்துல முடிஞ்சுது” என்றால் இருக்கிறது. கண்டிப்பதைத் தனியறையில், நடந்த ஓரிரு நாளுக்குள் செய்யுங்கள். அப்ரைசல் வரை சேர்த்துவைத்து ஒரே நாளில் கொட்டுவது அநியாயம்.

படி 6: தவறு வெளிவரும் நாளுக்குத் தயாராக இருங்கள்

1990களில் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நிகழும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான கணக்கோ தலைகீழாக இருந்தது. நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே பயமின்றித் தவறைச் சொல்ல முடிந்தது. மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

உங்களிடம் ஒருவர் வந்து “ஒரு தப்பு நடந்துடுச்சு” என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் முதலில் தோன்றுவதைக் குழு முழுவதும் நினைவில் வைத்திருக்கும். முன்கூட்டியே ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள். என்னுடையது: “உடனே சொன்னதுக்கு நன்றி. இப்ப முதல்ல எதை நிறுத்தணும்?” யார், ஏன் என்பதெல்லாம் சேதத்தை நிறுத்தியபிறகு பேசிக்கொள்ளலாம். பொறுப்பு கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். உங்கள் தவறையும் குழுவின் முன் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

படி 7: தடையை எடுத்துப்போடுங்கள்

ஆய்வாளர் டெரசா அமபிலேயும் அவர் குழுவினரும் 238 ஊழியர்கள் தங்கள் வேலை நாட்களைப் பற்றி எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்தார்கள். பொருளுள்ள வேலையில் சிறிதேனும் முன்னேறிய நாட்களே பெரும்பாலும் நல்ல நாட்களாக இருந்தன. எனவே ஒவ்வொரு தனிச் சந்திப்பிலும் ஒன்று கேளுங்கள்: “எது உங்க வேலையை நிறுத்திவெச்சிருக்கு?” வராத அனுமதி, பழுதான கருவி, பதில் தராத வேறொரு துறை. அவரால் முடியாமல் உங்கள் பதவியால் முடிவதைக் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்புக்குள் ஒன்றையாவது தீர்த்துவிடுங்கள். தீரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், கோச்சிங் வெறும் பேச்சாகிவிடும்.

எப்போது இது வேண்டாம்?

ஆபத்து கண்முன் நிற்கும்போது நேரடியாகக் கட்டளையிடுங்கள். சட்டமோ பாதுகாப்பு விதியோ ஒரே வழியைச் சொல்லும் இடத்தில் ‘என்னென்ன வழி?’ என்று கேட்பது தவறு. நீங்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், அவரே கண்டுபிடிப்பது போல நடத்திச்செல்லாதீர்கள். ஒருவர் ஆழ்ந்த மனவேதனையில் இருப்பது தெரிந்தால் காதுகொடுத்துக் கேளுங்கள், வேலைச்சுமையைக் குறையுங்கள், தகுந்த மருத்துவ உதவிக்கு வழிகாட்டுங்கள். அதற்கு மேல் நீங்கள் ஆலோசகர் அல்ல.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் மாதம் தனிச் சந்திப்பும் ‘வேற?’ என்ற கேள்வியும் மட்டும் போதும். இரண்டாம் மாதம் பின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்து, இன்னொரு வாரம் குறித்துப் பாருங்கள். ‘ப’ எத்தனை குறைந்தது என்று எண்ணுவதோடு புதிதாக ஒரு குறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘மு’. “என்ன செய்யட்டும்?” என்று கேட்காமல் “இப்படிச் செஞ்சிட்டேன், உங்களுக்குத் தெரியட்டும்னு சொல்றேன்” என்று ஒருவர் வந்து சொன்னால் அதைப் போடுங்கள். முதல் ‘மு’ எனக்கு ஐந்தாவது மாதம்தான் வந்தது. சொன்னவர், அன்று “அதான் காத்திருந்தோம்” என்றவரேதான்.