டெங்கு: வாரம் ஒரு நாள், அரை மணி நேரம்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும், அதனால் வாரம் ஒரு முறை சுத்தம் செய்தால் போதும்.

ஆனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி பிடித்தால் பலனில்லை. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே காலி செய்து, தேங்காய் நாரால் சுவரையும் விளிம்பையும் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கொசுப்புழு உள்ள தண்ணீரை வெயில் படும் மண்ணில் கொட்டுங்கள். பிறகு பருத்தித் துணியால் இடைவெளியின்றி மூடிக் கட்டுங்கள். சரியாகப் பொருந்தாத மூடி கொசுவைத் தடுக்காது.

பலர் மறப்பது ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு. மொட்டை மாடி டயர், கொட்டாங்குச்சி, பழைய ஆட்டுக்கல் குழி ஆகியவற்றையும் பாருங்கள். புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். டெங்குதானா என்று அறிய, காய்ச்சல் வந்த முதல் 5 நாளுக்குள் என்.எஸ்.1 என்ற இரத்தப் பரிசோதனை, அதன் பிறகு ஐ.ஜி.எம். என்ற இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு என எது தெரிந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.