டைனஸ்டி டிராஃப்டில் ரூக்கி எவ்வளவு, சீனியர் எவ்வளவு

டைனஸ்டி லீக் என்பது ஃபேண்டஸி அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு வகை: நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டுவோம், அவர்கள் ஆட்டத்தில் செய்வது நமக்குப் புள்ளி. இதில் எடுத்த வீரர் நாம் விற்கும்வரை, அல்லது விடும்வரை, நம்மிடமே இருப்பார். அதனால் முதல் டிராஃப்ட் (சுற்றுக்கு ஒருவராக வீரர்களைத் தேர்ந்தெடுப்பது), அதாவது ஸ்டார்ட்அப் டிராஃப்ட் நடக்கும்போது எல்லோருக்கும் வயதைப் பற்றி ஒரு பயம் வந்துவிடும். 21, 22 வயதுப் பையன்களின் விலை ஏறிக்கொண்டே போகும், 29 வயதுக்காரர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் இந்தப் பயத்தை நம்பித்தான் அணி கட்டுகிறேன். முதல் ஆறு சுற்றுகளில் என்எஃப்எல்லில், அதாவது அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகில், ஒன்றிரண்டு வருடம் ஆடிக் காட்டிய இளைஞர்கள். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மற்றவர்கள் ஒதுக்கிய சீனியர்கள். ஓரிருவர் தவிர, ரூக்கிகள், அதாவது கல்லூரியிலிருந்து இப்போதுதான் வரும் முதல் வருட ஆட்கள், அதற்கும் பிறகு.

எங்கள் லீகில் 12 பேர், 28 சுற்று. பிபிஆர் கணக்கு, அதாவது பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. சூப்பர்ஃப்ளெக்ஸும் உண்டு, பந்தை எறியும் குவாட்டர்பேக் இன்னொருவரையும் ஆடவைக்கலாம். உங்கள் விதிகள் வேறாக இருந்தால் சுற்று எண்கள் கொஞ்சம் நகரும், யோசிக்கும் முறை மாறாது.

ரூக்கியை ஏன் பின்னால் தள்ளுகிறேன்? கல்லூரி வீரர்களை நிஜ கிளப்புகள் எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில் 2020 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். ஃபிலடெல்ஃபியா 21-வது இடத்தில் வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த இடத்திலேயே மினசோட்டா ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. ஜெஃபர்சன் அந்த வருடமே 1,400 யார்டு (பந்தோடு முன்னேறிய தூரம்) போட்டார், ரேகர் எந்த வருடமும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கே ஏப்ரலில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், மே மாதத்தில் டிராஃப்ட் செய்யும் நமக்கு எப்படித் தெரியும்? ஒரு சீசன் முடிந்த பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அப்போதும் ஜெஃபர்சனுக்கு வயது 21தான். அந்த ஒரு வருடத் தகவலுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. முதல் சுற்றுகளில் நான் தேடுவது இரண்டாம், மூன்றாம் வருட ஆட்களைத்தான்.

வயது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அணியின் சராசரி வயதைப் போட்டுப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும், அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) 27 தாண்டினால் நான் அவரை ஒரு வருடக் குத்தகையாகத்தான் பார்ப்பேன். டாட் கர்லி 2017-ல் லீகின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர், 2018-ல் ஓடியே 17 டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டுவது). 2020 அவருடைய கடைசி சீசன், அப்போது வயது 26. வைட் ரிசீவருக்கு 30 வரை பயப்பட வேண்டாம். மைக் எவன்ஸ் 2014-லிருந்து 2024 வரை தொடர்ந்து 11 சீசன் 1,000 யார்டு தாண்டினார், கடைசி இரண்டு முறை அவருக்கு வயது 30, 31. தடுப்பதும் பந்து பிடிப்பதுமாக ஆடும் டைட் எண்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் கூட்டிக்கொள்ளலாம். குவாட்டர்பேக்குக்கு 30 என்பது இளமை.

ரன்னிங் பேக் விஷயத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. சீக்கிரம் தேய்வதும் அவர்கள்தான், வந்த வருடமே புள்ளி கொடுப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். தாம்பா பே 2024-ல் நான்காம் சுற்றில் எடுத்த பக்கி இர்விங் அந்த சீசனிலேயே 1,122 யார்டு ஓடினார். டைட் எண்ட் நேர் எதிர். 2021-ல் ஒட்டுமொத்தமாக நான்காவதாகப் போன கைல் பிட்ஸ் முதல் வருடம் 1,026 யார்டு எடுத்தார், அதற்குப் பின் வந்த மூன்று சீசனிலும் 700 தாண்டவில்லை. ட்ரே மெக்பிரைடோ முதல் வருடம் 265 யார்டுதான், மூன்றாம் வருடம் 1,146. ப்ராக் பவர்ஸ் வந்த வருடமே 112 பந்து பிடித்தார் என்பது உண்மைதான், ஆனால் அப்படி ஒருவர் வருவது அபூர்வம். ரூக்கி டைட் எண்டை நான் டிராஃப்டில் எடுப்பதில்லை. முதல் சீசன் ஏமாற்றமாக முடிந்ததும் அவருடைய உரிமையாளரிடம் போய் விலை பேசுவேன்.

சரி, ஏழாவது சுற்றுக்கு வருவோம். டிராஃப்டுக்கு முன் ஒரு தாளில் எனக்கு மூன்றே பத்திதான்: பெயர், செப்டம்பர் முதல் தேதியில் வயது, ஒப்பந்தத்தில் உறுதிப் பணம், அதாவது வெளியே அனுப்பினாலும் கிளப் கொடுத்தாக வேண்டிய பணம், எந்த வருடம் வரை. முதல் இரண்டு எல்லோரும் பார்ப்பது. மூன்றாவதுதான் சீனியர் வேட்டைக்கு உயிர். உறுதிப் பணம் மிச்சம் இருக்கும் வீரரைக் கிளப் சுலபத்தில் வெளியே அனுப்பாது, அந்த சீசனுக்கு அவருக்குப் பந்து கிடைக்கும்.

2024 மே மாதம் எங்கள் டிராஃப்டில் டெரிக் ஹென்றி பத்தாவது சுற்று வரை கிடந்தார். வயது 30, பால்டிமோர் அப்போதுதான் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டிருந்தது. அவருக்கு வெகு முன்பே ஜானதன் ப்ரூக்ஸ் போய்விட்டார். அந்த வருட என்எஃப்எல் டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்ட ரன்னிங் பேக் அவர்தான், கல்லூரியில் முழங்கால் தசைநார் கிழிந்து தேறிக்கொண்டிருந்தார். ஹென்றி அந்த சீசனில் 1,921 யார்டு ஓடி 16 டச்டவுன் போட்டார். ப்ரூக்ஸ் மூன்று ஆட்டம் ஆடிய நிலையில் அதே முழங்கால் மறுபடி கிழிந்தது, பாவம். காயத்தை யாரும் கணிக்க முடியாது. ஆனால் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ரூக்கியின் விலையில் நடக்கக்கூடிய நல்லதெல்லாம் முன்கூட்டியே சேர்ந்திருந்தது, சீனியரின் விலையில் கெட்டதெல்லாம் முன்கூட்டியே கழிந்திருந்தது.

சீனியர் குவாட்டர்பேக்குக்கு மட்டும் இன்னொரு சோதனை வேண்டும். அவருடைய கிளப் முதல் சுற்றில் வேறு குவாட்டர்பேக்கை எடுத்திருக்கிறதா? 2024 மார்ச்சில் அட்லாண்டா கர்க் கசின்ஸுக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்தது, ஏப்ரலில் எட்டாவது இடத்தில் மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது, டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சுக்குப் போனார். இப்படி ஒரு ஜோடியைப் பார்த்தால் இருவரையும் எடுங்கள், முடியாவிட்டால் இருவரையும் விட்டுவிடுங்கள்.

ஸ்டார்ட்அப் டிராஃப்ட் ஏப்ரலுக்கு முன்பே நடந்தால் பட்டியலில் ரூக்கிகள் இருக்க மாட்டார்கள். பல லீகுகளில் பந்தை உதைக்கும் கிக்கர்களை அவர்களுக்குப் பதிலாக வைப்பார்கள். முதலில் எடுக்கப்படும் கிக்கர் என்றால், ரூக்கிகளை மட்டும் எடுக்கும் ரூக்கி டிராஃப்டில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை, இரண்டாவது கிக்கர் இரண்டாவது உரிமை, இப்படியே போகும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, ஏனென்றால் அந்த உரிமைக்கு முகம் கிடையாது, காயம் கிடையாது, ஏப்ரல் நெருங்க நெருங்க விலை ஏறும். ஐந்து, ஆறாவது சுற்றில் ஒரு கிக்கரை எடுத்துவைத்து, என்எஃப்எல் டிராஃப்ட் வாரத்தில் எல்லோரும் கல்லூரி வீடியோ பார்த்து மயங்கியிருக்கும்போது நிரூபித்த ஒருவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எட்டாவது சுற்று முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் அணியைப் பாருங்கள். இந்த வருடமே ஜெயிக்கும் அணியா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் அடுத்த நாலைந்து சுற்றும் சீனியர்களே. இல்லை என்றால் 28 வயது ரன்னிங் பேக்கைத் தொடவே வேண்டாம், அவர் தரும் புள்ளிகள் உங்களை ஆறாவது இடத்துக்குத் தூக்கி, அடுத்த வருட ரூக்கி உரிமையை வரிசையில் பின்னுக்குத் தள்ளிக் கெடுக்கத்தான் செய்யும். 29 வயது ரிசீவரை அப்போதும் எடுக்கலாம். அவரை அக்டோபரில், கோப்பைக்கு ஓடுகிற அணிக்கு, அடுத்த வருட இரண்டாம் சுற்று உரிமைக்கு விற்றுவிடுங்கள். சீசன் நடக்கும்போதுதான் சீனியருக்குச் சந்தை. ஜனவரியில் அதே ஆளுக்கு யாரும் ஒன்றும் தர மாட்டார்கள்.

பதினாறாவது சுற்றுக்குப் பிறகு வயதைப் பற்றி நான் யோசிப்பதே இல்லை, ஆட இடம் கிடைக்க வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். முன்னால் நிற்பவர் விழுந்தால் நேராக ஆடப்போகும் ரன்னிங் பேக், என்எஃப்எல்லில் மூன்றாம் சுற்றுக்குள் போன ரூக்கி ரிசீவர், இவ்வளவுதான். புக்கா நக்குவா ஐந்தாம் சுற்றில் போய் முதல் வருடமே 1,486 யார்டு எடுத்தவர், அதனால் கடைசி ஓரிரு தேர்வை இன்னும் தாமதமாகப் போன ரூக்கிகளுக்கும் கொடுக்கலாம். ரூக்கிகளை டாக்ஸி ஸ்குவாடில் (இளைஞர்களை வளர்க்க வைக்கும் தனிப் பட்டியல்) போடுங்கள், பெஞ்சில் இடம் அடைக்காது. அப்புறம், ஆகஸ்ட் கடைசியில் கிளப்புகள் 53 பேராகக் குறைக்கும் நாளன்று பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் கடைசித் தேர்வுகளில் யார் பெயர் அதில் இல்லையோ அவரை அன்றிரவே விட்டுவிட்டு, எதிர்பாராமல் இடம் பிடித்த வேறொருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலைக்குள் அவர் வேறு யாரிடமாவது போயிருப்பார்.