ஊருக்குப் போனால் பெரியவர்களின் உள்ளங்காலையும் பாருங்கள்

கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குச் சன்ஸ்கிரீன் பூசச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். குறைவாகத்தான் வருகிறது. ஆனால் தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் தொடங்கும் புற்றுநோயான மெலனோமா வந்தால், வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் பெரும்பாலும் வருகிறது. அதைச் சன்ஸ்கிரீன் தடுக்காது. ரெகே பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் வந்தது. பந்தாட்டக் காயம் என்று நினைத்திருந்தார்கள். 1977இல் நோய் தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

வீடியோ அழைப்பில் முகம் மட்டும்தான் தெரியும். தோட்டத்துக்கு வெறுங்காலோடு போய்ப் பழகிய என் சித்தப்பா, குதிகாலில் இருந்ததை முள் குத்திய இடம் என்றார். கறுப்பும் கபிலமும் கலந்த படை. ஓரம் ஒழுங்கில்லை, நடுவில் கசிவு. முள் குத்தினால் ஆறும், அல்லது சீழ் பிடிக்கும். வருடக்கணக்கில் அகலித்துக்கொண்டு போகாது. நகத்தின் கருங்கோடு தடித்து நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவினாலோ, பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் கிளம்பினாலோ தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பயாப்ஸி, அதாவது சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது, செய்யாமல் யாரையும் சுடவோ சுரண்டவோ விடாதீர்கள். வேளைக்குக் கண்டுபிடித்தால் சுற்றியுள்ள நல்ல தோலோடு வெட்டி எடுப்பதே முதல் சிகிச்சை. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளந்துதான் மிச்சத்தைத் தீர்மானிப்பார்கள்.

இனி, சித்தப்பாவின் பயாப்ஸித் துண்டு இருந்த ஆய்வுகூடத்தின் அலுவலகம். வெளிநாட்டில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதற்கு அறிக்கைத் தாள் மட்டும் போதாது. சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் நுண்நோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடுகளும் வேண்டும். அவற்றைக் கேட்டு ஜன்னலடியில் நின்றேன். நோயாளி நேரில் வர வேண்டும் என்றார் எழுதுவினைஞர். காலில் கட்டோடு எப்படி வருவார்? கையெழுத்திட்ட கடிதம் கொண்டுபோனேன். அடையாள அட்டைப் பிரதி எங்கே என்றார். அதையும் கொடுத்தேன், டொக்டரின் சிபாரிசு வேண்டுமாம். டொக்டர் வருவது வியாழக்கிழமை. அந்த வியாழன் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. அடிமட்டம் வைத்துப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறிக்கொண்டே, ‘தம்பி வெளிநாடோ?’ என்று கேட்டார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ‘நீங்கள் ஒரு மாதத்துக்கு வந்து எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறீர்கள்.’ எரிச்சலாக இருந்தது. மறுத்துப் பேசவும் வாய் வரவில்லை. வீட்டிலோ, தங்கையின் கலியாணம் முடியும்வரை நோயின் பெயரை எவரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊரார்.

ஆகவே பயாப்ஸிக்குப் போகும் நாளிலேயே கடிதம், அட்டைப் பிரதி, சிபாரிசு மூன்றையும் வாங்கி வைத்துவிடுங்கள். மெழுகுக் கட்டிக்குக் குளிர் தேவையில்லை, ஆனால் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடக்கூடாது, கைப்பையில் கொண்டுபோங்கள். ‘ஃபார்மலினில் பதப்படுத்தியது, தொற்று இல்லை’ என்று ஆய்வுகூடத்தின் கடிதம் ஒன்றும் கூட இருக்கட்டும். அதையும் அதே ஜன்னலில்தான் கேட்க வேண்டும்; எனவே ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.