கோடையில் ஃபிலிம் கழுவுகிறவர்களுக்கு

டிஜிட்டலில் எடுத்த கையோடு படத்தைப் பார்த்துவிடலாம். ஃபிலிமை நாமே கழுவி, படம் எழும்பி வருவதைப் பார்ப்பதில்தான் பலருக்கு இருட்டறைக் கிறுக்கு பிடிக்கிறது. ஆனால் டெவலப்பரில் (ஃபிலிமில் படத்தை எழுப்பும் ரசாயனக் கரைசல்) கழுவும் நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்குக் கணக்கிட்டவை. நம் ஊர்க் கோடையில் குழாயைத் திறந்தாலே 30-ஐத் தாண்டும்.

சூடு கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஹெச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிமை அதே நிறுவனத்தின் ஐடி-11 டெவலப்பரில் நீர் கலக்காமல் கழுவ, 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24-இல் அது ஐந்து நிமிடச் சொச்சம்தான். நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக விழும். அதனால் சம அளவு தண்ணீர் கலந்துவிடுங்கள்: 20 டிகிரியில் 13 நிமிடம், 24-இல் ஏறக்குறைய 9. பதறாமல் வேலை பார்க்கலாம். (கலந்ததை ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடுங்கள்.)

டெவலப்பர், ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்துவது) பாட்டில்களை ஒரே வாளித் தண்ணீரில் நிறுத்தி, பாலிதீன் பையில் கட்டிய ஐஸை வாளிக்குள் போடுங்கள். டெவலப்பருக்குள்ளேயே ஐஸ் போட்டால் நீர்த்துவிடும். அப்புறம், கடைசி அலசலுக்கான தண்ணீரையும் அதே சூட்டில் எடுத்து வையுங்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.